பாயின்ட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

"மாமா, அம்பது பர்சன்ட் போனஸ் போட்டிருக்கான். நாளை ராத்திரியோட முடியறது. வாங்கிடட்டுமா?"

கார்த்திகை மாதத்தில் ஒரு ராத்திரி, பத்தரை மணிக்கு, சிங்கப்பூரிலிருந்து என் தங்கை மகன். வைகுண்ட ஏகாதசிக்குக் குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் வருகிறான். அவன், மனைவி, இரண்டு குழந்தைகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். உத்தர வீதி வீட்டை விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் இருப்பது திருச்சி தில்லைநகரில், இரண்டு அறை ஃப்ளாட்டில். ஆறு பேரை அதில் படுக்க வைக்கலாம், ஆனால் மறுநாள் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தான். இத்தனை டாலருக்கு இத்தனை பாயின்ட், அதற்கு இத்தனை ராத்திரி. நான் ஒன்றுதான் கேட்டேன்: "பாயின்ட் இல்லேன்னா எங்கடா தங்குவே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "உத்தர வீதிப் பக்கம் ஒரு லாட்ஜ் பார்த்து வெச்சிருக்கேன். ரூமுக்கு மூவாயிரம் சொல்றான்."

"அப்போ உன் பாயின்ட்டுக்கு விலை அந்த மூவாயிரம்தான்."

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரியின் விரிவுதான். ஹோட்டல் தன் அறைக்கு எழுதி வைத்திருக்கும் விலையை வைத்துப் பாயின்ட்டை எடை போடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பாயின்ட் இல்லாவிட்டால் உங்கள் பையிலிருந்து நிஜமாக எவ்வளவு போயிருக்கும் என்பதுதான் தராசின் மறு தட்டு.

எந்த ஊரில் எந்தப் பாயின்ட் செல்லும்

பயணிக்குச் சலுகைக் கணக்கு வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன்னும் மாரியட்டும் ஹோட்டலுக்குக் கொண்டுவந்தன. தங்கினால் பாயின்ட், சேர்ந்தால் இலவச இரவு. தங்காமலே பாயின்ட்டை விற்கலாம் என்பது பின்னால் வந்த யோசனை. ஹோட்டலுக்கு அது கொழுத்த வியாபாரம். இன்றைக்குப் பணம் வந்துவிடுகிறது, அறை என்றைக்கோ கொடுத்தால் போதும். வாங்கியவர்களில் சிலர் கேட்டு வரவே மாட்டார்கள்.

திருச்சி என்று வந்துவிட்டால் இதில் பெரும்பகுதி நமக்குச் சம்பந்தமில்லாதது. ஹில்டன் பாயின்ட்டை வைத்துக்கொண்டு சென்னை கிண்டிப் பக்கம் தங்கலாம், ஹயாத் பாயின்ட்டோடு அண்ணா சாலையில் தங்கலாம். உலகச் சங்கிலிகளில் இங்கே பேச வேண்டியது மாரியட் ஒன்றைத்தான். கலெக்டர் ஆபீஸ் சாலையில் கோர்ட்யார்ட் இருக்கிறது, அதில் மாரியட்டின் பான்வாய் பாயின்ட் செல்லும். தாஜ் ஹோட்டல்களில் செல்லும் டாடாவின் நியூகாயின் வேறு ரகம். ஒரு காயின் ஒரு ரூபாய் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் தலையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. பான்வாயில் ஒரு பாயின்ட் எத்தனை பைசா என்று யாரும் எழுதித் தரவில்லை, ஒவ்வொரு தடவையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தின் ஏழு திருச்சுற்றுக்குள் பாயின்ட் செல்லும் ஹோட்டல் ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பவை லாட்ஜுகள், மடங்கள், கல்யாண மண்டபத்தோடு ஒட்டிய அறைகள், கொஞ்சம் தள்ளிக் கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரை சாலையில் யாத்ரி நிவாஸ். தங்க இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் பழைய தொழில். திருச்சியிலிருந்து ஆண்ட ராணி மங்கம்மாள் (1689–1706) சத்திரம் கட்டியே பேர் வாங்கினாள். நம் டவுன் பஸ் நிலையத்தின் பெயரே சத்திரம். அந்தச் சத்திரங்களில் உறுப்பினர் எண் கேட்டதில்லை.

ஒரு பாயின்ட் கைக்கு வந்து சேரும் விலை

மாரியட் பாயின்ட்டின் வழக்கமான விலை ஆயிரத்துக்கு 12.50 டாலர். ஒரு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை வாங்கலாம், போனஸ் காலத்தில் சில சமயம் உச்சவரம்பை ஏற்றுவார்கள். போனஸ் என்பது வருடத்தில் பல தடவை வரும். முப்பது சதவீதம், நாற்பது, ஐம்பது. 'நாளை ராத்திரியோடு முடிகிறது' என்பதை ஜவுளிக்கடைத் தள்ளுபடி போல எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி போனால் தீபாவளி.

டாலரை ரூபாயாக மாற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எளிமைக்காக டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12.50 டாலர் 1,125 ரூபாய். இந்தியக் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் பெரும்பாலான கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை போகும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 46 ரூபாய் சொச்சம். ஆக ஆயிரம் பாயின்ட் 1,171 ரூபாய். ஒரு பாயின்ட் 1 ரூபாய் 17 பைசா.

ஐம்பது சதவீத போனஸ் என்றால் அதே 1,171-க்கு 1,500 பாயின்ட் கிடைக்கும். ஒன்று 78 பைசா. நாற்பது சதவீதத்தில் 84 பைசா, முப்பதில் 90. ஐம்பது சதவீத போனஸ் என்பதைப் பாதி விலை என்று படிக்கிறவர்கள் உண்டு, என் தங்கை மகனும் அப்படித்தான் படித்திருந்தான். அது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. இந்த விற்பனையை நடத்துவது ஹோட்டல் இல்லை, கனடாவைச் சேர்ந்த பாயின்ட்ஸ் என்ற இடைநிலை நிறுவனம். 2022-ல் பிளஸ்கிரேட் அதை வாங்கிவிட்டது. அதனால் 'ஹோட்டல் செலவுக்கு இத்தனை மடங்கு ரிவார்டு' என்று உங்கள் கார்டு சொல்லும் சலுகை இதற்குக் கிடைக்காது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி நீங்களாகத் திறக்காதவரை புதுக் கார்டில் அது மூடியே இருக்கும். போனஸ் முடியும் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு இது தெரியவந்தால் வரும் கோபம் எனக்குத் தெரியும்.

அறையின் விலை

இனி மறு தட்டு. இங்கே நான் எழுதும் அறை விலையெல்லாம் கணக்குப் பழக்கத்துக்கான எடுத்துக்காட்டு. ஹோட்டலின் விலை தினமும் மாறும், நீங்கள் பார்க்கும் அன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண நாள். ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்று வையுங்கள். அறை 6,500 ரூபாய், ஐந்து சதவீத ஜிஎஸ்டி 325, மொத்தம் 6,825. அதே அறைக்கு 12,000 பாயின்ட் கேட்கிறார்கள். வகுத்தால் ஒரு பாயின்ட்டுக்கு 57 பைசா தருகிறார்கள். 78 பைசாவுக்கு வாங்கி 57 பைசாவுக்குச் செலவழிக்கிற வியாபாரத்தைக் காந்தி மார்க்கெட்டில் தக்காளி விற்கிறவர்கூடச் செய்ய மாட்டார். 9,360 ரூபாய்க்குப் பாயின்ட் வாங்கி 6,825 ரூபாய் அறையில் படுக்கிறோம்.

நஷ்டம் அத்தோடு நிற்காது. பணம் கட்டித் தங்கினால் டாலருக்குப் பத்து பாயின்ட் திரும்ப வரும். 6,500 ரூபாய் ஏறக்குறைய 72 டாலர், எனவே 720 பாயின்ட், 57 பைசா வீதம் 410 ரூபாய். பாயின்ட்டில் தங்கினால் அது வராது. காலைச் சாப்பாடும் அப்படித்தான். பணத்துக்குப் போடும் அறையில் பல சமயம் அது சேர்ந்திருக்கும், பாயின்ட் அறையில் பெரும்பாலும் சேராது. ஆனால் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் இருக்கும்போது ஹோட்டல் பஃபேவுக்கு நான் பெரிய மதிப்புப் போடுவதில்லை. இது என் சொந்தப் பலவீனம், நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

விசேஷ நாளில் காட்சி மாறும். பரமபத வாசல் திறப்புக்கு முந்தைய ராத்திரி. 2025-ல் வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10-ம் தேதி ஒன்று, டிசம்பர் 30-ம் தேதி ஒன்று என்று ஒரே ஆங்கில வருடத்தில் இரண்டு தடவை வந்தது. அந்த மாதிரி ராத்திரிக்கு அறை 11,000 ஆகிறது என்று வையுங்கள். இப்போது ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 1,980. மொத்தம் 12,980. பாயின்ட்டில் 15,000 கேட்கிறார்கள். ஒரு பாயின்ட்டுக்கு 86 பைசாவுக்கு மேல் கிடைக்கிறது. ஐம்பது சதவீத போனஸில் வாங்கியிருந்தால் 11,700 ரூபாய், 1,280 மிச்சம். திரும்ப வராமல்போன பாயின்ட்டுக்கு ஒரு 700 கழித்தால் கையில் நிற்பது 580 ரூபாய். முப்பது சதவீத போனஸில் வாங்கியிருந்தால் 13,500 ரூபாய், நேராகவே நஷ்டம்.

ஜிஎஸ்டி விஷயத்தைக் கவனித்தீர்களா? பாயின்ட்டில் பதிவு செய்யும் இரவுக்குப் பொதுவாக வரி தனியாகக் கேட்பதில்லை. அதனால் ஒப்பிடும்போது வரியோடு சேர்ந்த தொகையைத்தான் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஐந்து சதவீதம், அதைத் தாண்டினால் பதினெட்டு. 7,500 ரூபாய் அறைக்கு நீங்கள் கொடுப்பது 7,875. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. அறை நூறு ரூபாய்தான் ஏறியது, உங்களுக்கு ஏறியது 1,093. அறை விலை இந்தப் படியைத் தாண்டி நிற்கும் நாட்களில்தான் பாயின்ட்டுக்குப் பலம் வருகிறது. படிக்குக் கீழே இருக்கும் நாட்களில் திருச்சி மாதிரி ஊரில் பாயின்ட் வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் அனுபவம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

விசேஷ நாளில் 580 ரூபாய் மிச்சம் என்றேன். அது அந்த 12,980 ரூபாயைக் கொடுத்துத் தங்கியே தீருவேன் என்கிறவருக்கு. என் தங்கை மகன் அப்படிப்பட்டவன் இல்லை. அவனுக்கு மூவாயிரம் ரூபாய் லாட்ஜ் கையில் இருந்தது. ஆக அவன் கணக்கு, 11,700 கொடுத்து 3,000 மிச்சப்படுத்துவது.

"ஆனா அது ஸ்டார் ஹோட்டல் மாமா, ரெண்டும் ஒண்ணா?" என்றான். நியாயமான கேள்விதான். நல்ல மெத்தைக்கும், சுடுதண்ணீர் நிச்சயமாக வரும் குழாய்க்கும், மாமனாருக்கு ஏற இறங்க லிஃப்டுக்கும் விலை உண்டு. அந்த விலையை வெளிப்படையாகப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். லாட்ஜைவிட இந்த வசதிக்கு இரண்டாயிரம் கூடக் கொடுப்பேன் என்றால் அந்த அறை உங்களுக்கு ஐயாயிரம். பன்னிரண்டாயிரம் ஆகாது.

அப்புறம் இடம். கலெக்டர் ஆபீஸ் சாலையிலிருந்து ஸ்ரீரங்கம் ஏழெட்டு கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் சத்திரம், காவிரிப் பாலம் தாண்டி ராஜகோபுரத்தடியில் இறங்கலாம். ஏகாதசி ராத்திரி அப்படியில்லை. வாசல் திறப்பது விடியலுக்கு முன்னால். கோயிலைச் சுற்றி வண்டி விட மாட்டார்கள், எங்கோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். எழுபது வயது மாமியாரை அந்தக் கூட்டத்தில் நடத்திக் கூட்டிப்போவதென்றால் ராத்திரி ஒரு மணிக்கே அறையைவிட்டுக் கிளம்ப வேண்டும். பதினைந்தாயிரம் பாயின்ட் மெத்தையில் படுப்பது இரண்டரை மணி நேரம். உத்தர வீதியில் தங்கினால் வாசற்படி இறங்கினால் கோயில். கூட்டத்தின் சத்தம், பக்கத்து அறையில் யாரோ சேவிக்கும் பாசுரம், இரண்டு மணிக்கே கொதிக்கும் டிகாஷன், இதெல்லாம் தூங்க விடாது. ஆனால் அன்றைக்கு யார் தூங்க வருகிறார்கள்?

மடங்களில் இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அங்கங்கே ஆசார விதிகள் உண்டு. யாத்ரி நிவாஸ் விசேஷ நாட்களுக்குச் சீக்கிரமே நிரம்பிவிடும். இவை கிடைக்காமல் போனபின்தான் பாயின்ட்டுக் கணக்கு நிஜமாகவே தொடங்குகிறது.

வாங்குவது சரியாக வரும் இடங்கள்

சில இடங்களில் வாங்கலாம். தயங்காமலும் வாங்கலாம்.

முதலாவது, கொஞ்சம் குறைகிறபோது. கணக்கில் 11,000 பாயின்ட் கிடக்கிறது, விசேஷ நாள் அறைக்கு 15,000 வேண்டும். போனஸ் இல்லாமல் முழு விலையில் 4,000 வாங்கினாலும் 4,684 ரூபாய். 'நாலாயிரத்து அறுநூற்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அறை' என்று துள்ள வேண்டாம். ஏற்கெனவே இருந்த 11,000-மும் பணம்தான். 57 பைசா வீதம் 6,270. கூட்டினால் 10,954. அப்படியும் 12,980-ஐவிடக் குறைவு. வாங்கலாம்.

இரண்டாவது, ஐந்து இரவு. பான்வாயில் தொடர்ந்து ஐந்து இரவு பாயின்ட்டில் தங்கினால் நான்குக்குத்தான் கணக்கு, ஐந்தாவது சும்மா. என்ஐடி பழைய மாணவர் சந்திப்பு, கல்யாணம், வீடு விற்கும் பத்திரப்பதிவு என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு வாரம் இருப்பதுண்டு. அறை 8,000, வரியோடு 9,440, ஐந்து நாளுக்கு 47,200. பாயின்ட்டில் ஓர் இரவு 13,000 என்றால் நான்குக்கு 52,000. ஐம்பது சதவீத போனஸில் 40,560 ரூபாய். 6,640 மிச்சம். வராமல்போகும் 4,440 பாயின்ட்டுக்கு 2,530 கழித்தால் நான்காயிரத்துச் சொச்சம் நிற்கும். காரில் விமான நிலையம் போய்வரும் செலவுக்கு மேலேயே ஆகும். ஆனால் அதே ஐந்து இரவுக் கணக்கை 6,500 ரூபாய் அறைக்குப் போட்டுப் பாருங்கள். வரியோடு 34,125. பாயின்ட் 48,000, 37,440 ரூபாய். ஒரு நாள் சும்மா கொடுத்தும் கட்டவில்லை.

மூன்றாவதாகச் சிலர் சொல்வது, தேதி நிச்சயமில்லாதவர்கள். பாயின்ட்டில் போட்ட அறையைக் குறிப்பிட்ட நாளுக்குள் ரத்து செய்தால் பாயின்ட் கணக்குக்குத் திரும்பும். இது உண்மைதான். ஆனால் திரும்புவது பாயின்ட், பணம் இல்லை. வாங்கிய பாயின்ட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறுபடி எப்போது எங்கே செலவழிப்பது என்று தெரியாதவருக்கு இது வசதியாகாது.

அலுவலகம் அறை வாடகையைக் கொடுக்கிறதென்றால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். பணம் கட்டித் தங்கி, பாயின்ட்டை உங்கள் கணக்கில் சேருங்கள்.

வாங்காமல் சேர்க்கும் வழி

வாங்குவதற்கு முன் வீட்டுக்குள் தேடுங்கள். பான்வாயில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பாயின்ட் மாற்றலாம், வருடத்துக்கு இத்தனை என்ற வரம்புக்குள். ஐடி வேலைக்கு ஊர் ஊராகப் போகும் மைத்துனர், மருந்து கம்பெனியில் இருக்கும் சித்தப்பா பிள்ளை, இவர்கள் கணக்கில் அவர்களே மறந்த பாயின்ட் தூங்கும். சீர் வரிசையில் இதுவும் சேரக் கூடாதென்று சாஸ்திரம் ஒன்றுமில்லை.

கார்டு வழியும் உண்டு. எச்டிஎஃப்சி வங்கி மாரியட்டோடு சேர்ந்து 2023 ஆகஸ்டில் ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் 3,000, ஜிஎஸ்டியோடு 3,540. அதற்கு 15,000 பாயின்ட் வரை மதிப்புள்ள ஓர் இரவு கொடுத்தார்கள். முழுதாகப் பயன்படுத்தினால் ஒரு பாயின்ட் 24 பைசாவுக்கும் கீழே. போனஸ் விற்பனையின் 78 பைசா பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். கட்டணமும் நிபந்தனையும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று படித்துப் பாருங்கள். அந்த இரவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்துத் தீர்க்காவிட்டால் போய்விடும். சில வங்கிகளின் ரிவார்டு பாயின்ட்டையும் ஹோட்டல் பாயின்ட்டாக மாற்றலாம். விகிதத்தைப் பார்த்து, அதே ரிவார்டுக்கு வங்கி ரொக்கமாக எவ்வளவு தரும் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

சேர்த்து வைப்பதைப் பற்றி

பெரிய கடைவீதியில் நகைச் சீட்டு கட்டுகிறோம். மாதம் இத்தனை கட்டி வருடக் கடைசியில் பவுன் எடுக்கிறோம். கடைக்காரர் செய்கூலியில் சேதாரத்தில் விளையாடலாம், ஆனால் அன்றைய தங்க விலை எல்லாக் கடைப் பலகையிலும் ஒன்றுதான். பாயின்ட்டில் பலகையும் அவர்களுடையது, தராசும் அவர்களுடையது. மாரியட் 2022 மார்ச் மாதம் தன் பழைய விலைப் பட்டியலை எடுத்துவிட்டது. அதற்கு முன் எந்த வகை ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்று அட்டவணை இருந்தது. இப்போது அறை விலை போலவே பாயின்ட் விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அடுத்த மார்கழிக்கென்று இந்த ஆடியில் பாயின்ட் வாங்கி வைப்பவர் எதை வாங்குகிறார் என்று அவருக்கே தெரியாது.

இருபத்துநான்கு மாதம் கணக்கில் அசைவில்லாவிட்டால் பான்வாய் பாயின்ட் காலாவதியாகும் என்பதும் இருக்கிறது. கம்பெனியே போய்விடுவதும் நடக்கும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி பறப்பதை நிறுத்தியபோது மைல் சேர்த்தவர்களின் மைல் கணக்கு தனிக் கம்பெனியில் இருந்ததால் பிழைத்தது. மைல் இருந்தது, ஏறுவதற்கு அந்த விமானம்தான் இல்லை.

நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். எந்தச் சங்கிலி என்று சொல்லப் போவதில்லை. மும்பையில் சம்பந்தி வீட்டுக் கல்யாணம், நடுராத்திரி விற்பனை, இருபதாயிரம் பாயின்ட். வாங்கி முடித்துவிட்டுத் தேதியைத் தட்டினால் பாயின்ட்டுக்கு அறை இல்லை என்றது. பணத்துக்கு இருந்தது. எண்ணிப் பத்து அறை இருந்தது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் மிகுந்த மரியாதையோடு இருபது நிமிடம் பேசினார். பாயின்ட்டுக்கென்று ஒதுக்கிய அறைகள் தீர்ந்துவிட்டன, வாங்கிய பாயின்ட்டுக்குப் பணம் திரும்பாது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா? வேண்டியிருந்த உதவி அது ஒன்றுதான்.

அதிலிருந்து எனக்கு வந்த பழக்கம் இது. முதலில் அந்தத் தேதியில் அந்த அறை பாயின்ட்டுக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். எத்தனை பாயின்ட், வரியோடு எத்தனை ரூபாய், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதுவேன். ரூபாயைப் பாயின்ட்டால் வகுத்து, வாங்கும் விலையைப் பக்கத்தில் எழுதுவேன். பத்து பைசாவாவது லாபம் நிற்காவிட்டால் தாளைக் கிழித்துவிடுவேன். நின்றால் அந்த அறைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் வாங்கி, கணக்கில் ஏறிய உடனே பதிவு செய்வேன். புதிதாகத் திறந்த கணக்கில் உடனே வாங்க விட மாட்டார்கள், குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். எனவே வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் உறுப்பினராக மட்டும் இன்றே சேர்ந்து வைத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை.

தங்கை மகன் கடைசியில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஏகாதசிக்கு இரண்டு ராத்திரி உத்தர வீதி லாட்ஜில் இரண்டு அறை எடுத்தான். திரும்பும் விமானம் விடிகாலையில். அதனால் கடைசி ராத்திரி மட்டும் மாமனார் மாமியாருக்குக் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அறை, பெங்களூரில் இருக்கும் அவன் அண்ணன் கணக்கிலிருந்த பாயின்ட்டில். கூட்டம் வடிந்த சாதாரண நாள். அண்ணன் பாயின்ட் அலுவலகப் பயணத்தில் வந்தது, கைக்காசு போகவில்லை. அதனால் 57 பைசாவுக்குச் செலவானாலும் வருத்தமில்லை.

வரவேற்பு மேஜையில் மட்டும் கால் மணி நேரம் நின்றோம். பதிவு அண்ணன் பெயரில், நிற்பது மாமனார், ஆதாரில் இருப்பது வேறு பெயர். பாயின்ட்டில் இன்னொருவருக்கு அறை போடுகிறீர்கள் என்றால் தங்கப் போகிறவர் பெயரை முன்பே சொல்லிச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் பெங்களூருக்குப் போன் போட்டு, அவன் ஒரு மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து சரிசெய்யும்வரை மாமியார் சோபாவில் உட்கார்ந்து, மடியில் இருந்த பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து, மேஜையில் இருந்த பெண்ணுக்கும் கொஞ்சம் கொடுத்தார்.